சிறைக்கு மாற்றாக உழைப்பு

இன்றைய சுதந்திரப் பூங்கா, பெங்களூரின் பழைய மத்தியச் சிறை. 1975-இல் நெருக்கடிநிலை வந்ததும் வாஜ்பாயியும் அத்வானியும் இங்கேதான் அடைக்கப்பட்டனர். இரண்டே ஆண்டுகளில் அவர்கள் ஜனதா அரசின் மத்திய அமைச்சர்கள். அந்த ஆட்சியில், 1978-இல், மாநிலங்களவை ஒரு தண்டனைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. அதன்படி, மூன்றாண்டுக்கு மிகாத சிறைத்தண்டனைக்குரிய குற்றம் செய்தவரை, அவர் சம்மதித்தால், சிறைக்கு அனுப்பாமல் ஊதியமின்றிப் பொதுவேலை செய்யச் சொல்லலாம். 40 மணி நேரம் முதல் 1000 மணி நேரம் வரை. 1979-இல் மக்களவை கலைந்தது, மசோதாவும் காலாவதியானது. நாம் இழந்த வாய்ப்புகளில் இது பெரியது என்றே கருதுகிறேன்.

பின்னர் சிறார் நீதிச் சட்டம் இம்முறையை இளஞ்சிறாருக்குக் கொண்டுவந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மளிமத் தலைமையிலான குழு, 2003 அறிக்கையில் பெரியவர்களுக்கும் இதைப் பரிந்துரைத்தது. கடைசியில் 2024 ஜூலை 1 முதல், பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் சமூக சேவை ஒரு தண்டனையாக இடம்பெற்றது. ஆறு குற்றங்களுக்கு மட்டுமே. முதல்முறையாக 5000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடித் திருப்பிக் கொடுத்தவர், குடித்துவிட்டுப் பொது இடத்தில் தகராறு செய்தவர், அவதூறு செய்தவர் ஆகியோர் அதில் அடங்குவர். ஆனால் என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று சன்ஹிதா சொல்லவில்லை. 1978 மசோதா மணி நேர வரம்பையாவது சொல்லியிருந்தது. அதில் கேட்கப்பட்ட சம்மதமும் இதில் இல்லை.

அந்த வெற்றிடத்தை ஊர் அமைப்புகள்தாம் நிரப்ப வேண்டும். ஏரிகளைக் காக்கக் குடியிருப்பாளர்களே முன்வரும் நகரம் பெங்களூர். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கத்தைப் போன்ற அமைப்புகள் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைக்கோ கரைச் செப்பனிடலுக்கோ இத்தகையவர்களை ஏற்க முன்வரலாம். ஏற்பவர்கள் ஒன்றில் உறுதியாக இருக்க வேண்டும்: வந்தவரைத் தனியே நிறுத்திக் காட்சிப்பொருளாக்கக் கூடாது. பிரிட்டனில் 2008-இல் இத்தகையோருக்கு அடையாள ஆரஞ்சு மேலங்கி மாட்டினார்கள். அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. தன்னார்வலர் பிடிக்கும் அதே மண்வெட்டி, அதே தேநீர் இடைவேளை போதும். வருகைப் பதிவையும் வேலையின் தரத்தையும் நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்ப, 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி நன்னடத்தை அலுவலர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.