ஆர் பள்ளத்தாக்கின் முந்திரிகைக் கொடிகள்

ஜேர்மனியின் மேற்கேயுள்ள ஐபல் மலைநாட்டில் ஊற்றெடுத்து, ஏறத்தாழ 85 கிலோமீற்றர் தூரம் ஓடி, றைன் நதியிற் கலக்கும் சிற்றாறு ஆர் எனப்படும். அதன் கீழ்ப்பகுதியில், செங்குத்தான மலைச்சரிவுகளிலே கற்படிகள் அமைத்து மக்கள் முந்திரிகை வளர்க்கின்றனர். தோட்டங்கள் யாவும் சேர்ந்து 550 எக்டேயர் அளவினவே. ஜேர்மனியில் வெண்ணிற மதுவே மிகுதி. இங்கோ ஐந்தில் ஏறத்தாழ நான்கு பங்கு செந்நிற மதுவுக்குரிய கொடிகளாம்.

இத்துணைக் குளிர்நாட்டிற் கருமுந்திரிகை பழுப்பது எங்ஙனம்? பள்ளிச் சிறுவர் முன்னாளில் எழுதிய சிலேற்றுக்குரிய கல்லே அச்சரிவுகளிற் பரந்து கிடக்கிறது. பகலில் அது வெயிலை வாங்கி வைத்து, இரவிற் கொடிகளுக்கு வெம்மை ஊட்டுகிறது. பழத்தின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. கரிய தோலையும் உடன் சேர்த்துப் புளிக்க வைப்பதாலேயே செந்நிறம் உண்டாகிறது.

கி.பி. 893இல் எழுதப்பட்ட புரூம் மடத்துச் சொத்தேடு, ஆர்வைலர் என்னும் ஊரின் முந்திரிகைத் தோட்டங்களைக் குறிப்பிடுகிறது. பழமை இருந்தும் வளமை நிலைக்கவில்லை. 1815இல் இந்நாடு பிரஷ்ய ஆட்சிக்குள் வந்தது. 1834இல் ஜேர்மன் சுங்க ஐக்கியம் தோன்றியபின், தென்னாட்டு மதுவகைகள் வரியின்றி வந்து குவிந்தன, விலை வீழ்ந்தது. பறித்த பழம் காத்திராது. ஆலையும் நிலவறையும் இல்லாத சிறு தோட்டக்காரன், வியாபாரி சொன்ன விலைக்கே அதனைக் கொடுக்க நேர்ந்தது. வறுமை தாளாது அமெரிக்கா சென்றோர் பலர்.

எஞ்சியவர் ஒரு வழி கண்டனர். 1868இல் மைஷோஸ் என்னும் சிற்றூரில் 18 தோட்டக்காரர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். தனித்தனியே பழம் விற்பதை விடுத்து, ஒன்றாகப் பிழிந்து, ஒரே நிலவறையிற் சேமித்து, தாமே விற்பதென்பது அவர் கொள்கை. உலகின் மிகப் பழைய முந்திரிகைத் தோட்டக்காரர் கூட்டுறவுச் சங்கமென அது இன்றும் போற்றப்படுகிறது. அயலூர்களும் அவ்வழியைப் பின்பற்றின.

வாழ்வளித்த ஆறே 1804இலும் 1910இலும் பெருகி உயிர்களைக் கொண்டது. 2021 யூலை 14ஆம் நாள் இரவு வந்த வெள்ளமோ அவற்றினும் கொடிது. அப்பள்ளத்தாக்கில் 130 பேருக்கு மேல் மாண்டனர். சரிவுகளில் நின்ற கொடிகள் பெரும்பாலும் தப்பின; கரையோர நிலவறைகளும் பீப்பாய்களும் இயந்திரங்களும் அழிந்தன.

அப்போது பிற மாவட்டத்து முந்திரிகைத் தோட்டக்காரர் இயந்திரங்களோடு விரைந்து வந்தனர். போட்டியாளராய் இருந்தோரே அவ்வாண்டின் அறுவடைக்குத் தோள் கொடுத்தனர். சேற்றிலிருந்து மீட்ட போத்தல்கள் கழுவப்படாமலே ‘வெள்ள மது’ என விற்பனைக்கு வந்தன. அவற்றாற் கிடைத்த தொகை 40 இலட்சம் யூரோவுக்கு மேற்பட்டது.

1868இல் ஓரூரார் தம்முட் கூடினர். 2021இல் நாட்டின் பல பாகத்தினரும் அவரோடு கூடினர். கல்லும் வெயிலும் கொடியை வளர்க்கும். அதனை வளர்ப்பவனைக் காப்பது அயலவனின் கையே என்பதற்கு இச்சிறு பள்ளத்தாக்கு சான்றாக நிற்கிறது.