எண்ணப்பட்டவரும் எண்ணப்படாதவரும்

நகைச்சுவைத் தொடர் என்பது அரைமணி நேரச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எந்நாளில், எந்நேரத்தில், யாருக்காக ஒலிக்கவேண்டும் என்பதை எந்த அளவுகோல் முடிவு செய்கிறது? அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் 1971-ஆம் ஆண்டைப் புரட்டினால் இதற்கு விடை கிடைக்கிறது.

அக்காலத்தில் அந்நாட்டு மக்கள் பெரும்பாலும் சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி. என்னும் மூன்று நிறுவனங்களின் நிகழ்ச்சிகளையே கண்டனர். எத்தனை வீடுகள் எதைப் பார்க்கின்றன என்று நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. அக்கணக்கில் சி.பி.எஸ். பல ஆண்டுகள் முன்னணியில் நிற்கத் துணைசெய்தவை நாட்டுப்புற மாந்தரைப் பற்றிய நகைச்சுவைத் தொடர்கள். எண்ணெய் வளத்தால் திடீர்ச் செல்வரான மலைநாட்டுக் குடும்பத்தின் கதையான 'தி பெவர்லி ஹில்பில்லீஸ்' 1962-இல் தொடங்கி, முதல் இரண்டு ஆண்டுகளும் நாட்டிலேயே முதலிடம் பெற்றது. 'கிரீன் ஏக்கர்ஸ்', 'மேபெரி ஆர்.எஃப்.டி.' ஆகியவையும் இத்தகையனவே.

1971-இல் இம்மூன்றும் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டிலும் 'மேபெரி' முதல் 20 இடங்களுக்குள் இருந்தது. பின் ஏன் நிறுத்தினர்? விளம்பரதாரர்கள் இப்போது "எத்தனை பேர்?" என்பதோடு, "எத்தகையோர்?" என்றும் கேட்கத் தொடங்கியிருந்தனர். 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, கைநிறையச் செலவழிக்கும் நகரவாசிகளே அவர்களுக்குத் தேவைப்பட்டனர். நாட்டுப்புறத் தொடர்களை விரும்பியவர்களோ பெரும்பாலும் முதியோர், சிற்றூரார். மேலும் சி.பி.எஸ். நேரடியாக நடத்திய நிலையங்கள் நியூயார்க், சிகாகோ போன்ற பெருநகரங்களில் இருந்தன. அங்கே இத்தொடர்களுக்கு வரவேற்பு குறைவு. 1971 சனவரியில் சிகரெட் விளம்பரங்களும் சட்டத்தால் நின்றுபோயின. நிறுவனத் தலைவர் இராபர்ட் வுட்டும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பிரெட் சில்வர்மனும் துணிந்து களையெடுத்தனர்.

மறுபுறம், ஏ.பி.சி. இருமுறை மாதிரி எடுத்துப் பார்த்துக் கைவிட்ட 'ஆல் இன் தி ஃபேமிலி' என்னும் தொடரைச் சி.பி.எஸ். 1971 சனவரி 12 அன்று ஒளிபரப்பியது. இனவெறிச் சொற்களைக் கூசாமல் பேசும் ஒரு தொழிலாளியையும், அவரோடு வாதிடும் மருமகனையும் அது காட்டியது. தொடக்கத்தில் வரவேற்பு மந்தமே. ஆயினும் நிறுவனம் பொறுத்திருந்து, அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் அதனைச் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு மாற்றியது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அது முதலிடம் வகித்தது. 1972-இல் ஞாயிறு இரவில் தடுமாறிய 'மேஷ்' தொடரும், மறு ஆண்டு இதன் பின்னே 8.30 மணிக்கு வைக்கப்பட்டதும் உச்சிக்கு உயர்ந்தது. இருக்கையைவிட்டு எழாத நேயரை அடுத்த நிகழ்ச்சிக்குக் கைமாற்றுவதே கால அட்டவணையின் சூட்சுமம்.

இதை முழுவதும் தீமை எனச் சொல்லிவிட முடியாது. புதிய தொடர்கள் இனப்பகையையும் போரின் கொடுமையையும் வீட்டுக்கூடத்திற்குக் கொண்டுவந்து, சிரிப்பினூடே மனச்சான்றைத் தொட்டன. எனினும் ஓர் உண்மை நம்மை உறுத்துகிறது. அந்த முதியவர்கள் பார்ப்பதை நிறுத்திவிடவில்லை. அவர்களைப் பொருட்படுத்துவதைத்தான் மற்றவர்கள் நிறுத்திக்கொண்டனர். தலைகளை எண்ணிய கணக்கு, பணப்பைகளை எண்ணும் கணக்காயிற்று. அதே 1971-இல் திருச்சபை வெளியிட்ட 'ஒன்றிப்பும் முன்னேற்றமும்' என்னும் மேய்ப்புப்பணி ஏடு, சமூகத் தொடர்புச் சாதனங்களின் நோக்கம் மனிதரை ஒன்றிணைப்பதே என்று கற்பித்தது. ஒரே ஆண்டில் எத்தனை வேறுபட்ட இரு அளவுகோல்கள்!

நிறுவனங்களைக் குறைகூறுவது எளிது. நம் பங்குகளில் திருப்பலி நேரத்தை மாற்றும்போதும், திருவிழாக் குழுவை அமைக்கும்போதும் நாம் முதலில் யாரைக் கேட்கிறோம்? பொன்மோதிரம் அணிந்தவருக்கு இருக்கை தந்து, ஏழையை நிற்கவைப்போரை யாக்கோபு கடிந்துகொண்டது தொலைக்காட்சி நிறுவனத்தாரை நோக்கி அன்று. வழிபாட்டிற்குக் கூடிய நம்மை நோக்கியே. காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த ஆண்டவரின் கணக்கில் அந்த ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளே மிகுதியாக இருந்தன. நம் கணக்கு எதுவோ?