காரின் பிரேக் விளக்கு: வரலாறும் பழுதும்

பிரேக் விளக்கு என்பது ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது வாகனத்தின் பின்புறம் எரியும் சிவப்பு விளக்கு ஆகும். முன்விளக்கு எரியாவிட்டால் ஓட்டுநருக்கே தெரிந்துவிடும். பிரேக் விளக்கு எரிகிறதா என்பதை அவர் இருக்கையிலிருந்து பார்க்க இயலாது. அதன் பழுதை முதலில் அறிபவர் பின்னால் வருபவரே. சில வேளைகளில் அவர் அறிவது மோதிய பிறகுதான்.

கைச் சைகைக் காலம்

ஜி. டி. நாயுடு 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு தம் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். அவ்வழியில் உள்ள உடுமலைப்பேட்டை இன்று திருப்பூர் மாவட்டத்தில் அடங்கும். மோட்டார் வாகனங்களின் அந்தத் தொடக்கக் காலத்தில் பின்னால் வருபவருக்குச் செய்தி சொன்னது ஓட்டுநரின் கைதான். வேகத்தைக் குறைக்க வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க மேலும் கீழும் அசைப்பர். நிறுத்துவதற்கு முன்கையைச் செங்குத்தாக உயர்த்துவர். 1989 ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலும் இச்சைகைகள் இடம்பெற்றிருந்தன.

கைச் சைகை இரவில் தெரியாது. திடீரென நிறுத்தும்போது கையை நீட்ட நேரமும் இராது. இதற்கு மாற்றாக, பிரேக்கை மிதித்ததும் பின்புறம் ஓர் அறிவிப்புப் பலகை எழும் அமைப்பை 1910களில் அமெரிக்க நடிகை புளோரன்ஸ் லாரன்ஸ் உருவாக்கினார் என்று சொல்லப்படுகிறது. பின்னர் மின்விளக்கு அவ்விடத்தைப் பிடித்தது. மிதியருகே உள்ள சிறு சுவிட்ச், கால் அழுத்தியவுடன் மின்சுற்றை இணைக்கிறது.

மூன்றாவது விளக்கு

1974 இல் உளவியலாளர் ஜான் வோவோட்ஸ்கி, சான் பிரான்சிஸ்கோவில் 343 வாடகைக் கார்களின் பின்புறம் கூடுதலாக ஒரு விளக்கைப் பொருத்திச் சோதித்தார். அக்கார்களின் மீது பின்னாலிருந்து மோதும் விபத்துகள் சுமார் 60 விழுக்காடு குறைந்தன. அமெரிக்காவில் 1986 முதல் புதிய கார்களுக்கு நடுவில் உயரமாக அமைந்த மூன்றாவது விளக்கு கட்டாயமாயிற்று. எல்லாக் கார்களிலும் அது வந்து கண்ணுக்குப் பழகிய பின், பயன் ஏறத்தாழ 4 விழுக்காடாகச் சுருங்கியது. ஆயினும் கோடிக்கணக்கான வாகனங்கள் ஓடும் நாட்டில் இது சிறு பயனன்று.

டிக்கிக் கதவின் கம்பிகள்

டிக்கிக் கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் கார்களில் மூன்றாவது விளக்கு பெரும்பாலும் அக்கதவிலேயே இருக்கும். பின்கண்ணாடி வைப்பரின் மோட்டாரும், கண்ணாடியைக் கழுவும் தண்ணீர்க் குழாயும் அங்கேயே செல்லும். கீல் அருகே ஒரு ரப்பர் உறைக்குள் கம்பிகள் வளைந்து வளைந்து நாளடைவில் அறுந்துபோகும். ஆகவே மூன்றாவது விளக்கும் வைப்பரும் ஒன்றாகச் செயலிழந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இவ்வுறைதான்.

மற்றப் பழுதுகளை அவற்றின் அறிகுறிகளால் அறியலாம்:

எந்த பிரேக் விளக்கும் எரியாவிட்டால், பியூஸ் அல்லது மிதியடிச் சுவிட்ச்.

ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால், பல்பு அல்லது ஹோல்டர்.

பிரேக்கை மிதிக்கும்போது வேறு விளக்குகள் மங்கலாக எரிந்தால், எர்த் இணைப்பு.

மிதிக்காமலே எரிந்துகொண்டிருந்தால், சுவிட்ச் அல்லது அதை அழுத்தும் சிறு பிளாஸ்டிக் துண்டு. இதனால் பேட்டரி தீர்ந்துபோகும்; கார் எப்போது நிற்கும் என்பதும் பின்னால் வருபவருக்குத் தெரியாது.

பின்கண்ணாடிக்குத் தண்ணீர் வராதபோது பம்பின் ஓசையைக் கேட்க வேண்டும். ஓசை வந்தால் குழாய் கழன்றிருக்கும் அல்லது முனை அடைத்திருக்கும். ஓசையே இல்லையென்றால் பியூஸ், சுவிட்ச், பம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சாயக்கழிவால் நொய்யல் கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உப்பேறியிருக்கிறது. அத்தகைய நீரை ஊற்றினால் முனையில் உப்பு படியும். நல்ல தண்ணீரே ஏற்றது.

திருப்பூரில் இதன் தேவை

திருப்பூரில் ஒரு பனியன் துணி நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், தையல் எனப் பல இடங்களுக்குப் போய்வருகிறது. இடையே அதைச் சுமப்பவை சிறு வேன்கள். அவற்றின் பின்னாலும் கார்களின் பின்னாலும் வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர்கள் மொபெட்டிலும் பைக்கிலும் வருகின்றனர். முன்னே செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தால் அடிபடுபவர்கள் அவர்களே.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. உதவிக்கு ஆள் இருந்தால் பின்னால் நின்று பார்க்கச் சொல்லலாம். தனியாக இருந்தால், இரவில் காரின் பின்புறம் சுவரை நோக்கியிருக்குமாறு நிறுத்திப் பிரேக்கை மிதித்தால், சுவரில் விழும் சிவப்பு ஒளி கண்ணாடியில் தெரியும். விளக்கு மூடியில் படிந்த தூசியைத் துடைக்க ஒரு துண்டு பனியன் வேஸ்ட் துணி போதும்.