பைரப்பா, எஸ். எல்.

கன்னட நாவலாசிரியர், தத்துவப் பேராசிரியர். முழுப்பெயர் சந்தேசிவர லிங்கண்ணய்ய பைரப்பா. கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டம், சென்னராயப்பட்டணம் வட்டத்திலுள்ள சந்தேசிவரம் என்னும் சிற்றூரில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை மைசூரில் கழித்தவர். பிறந்த நாள் 1931 ஆகஸ்ட் 20 என்று பிற்காலக் குறிப்புகள் சொல்கின்றன. முந்தைய நூல்கள் சில 1934 என்கின்றன. பள்ளியில் சேர்க்கும்போது வயதை ஏற்றியும் குறைத்தும் எழுதிவிடுவது அக்காலத்து ஊர்களில் சாதாரணம். வேறுபாடு அப்படி வந்ததாகவும் இருக்கலாம்.

இளமை. இவரது இளமை பற்றித் தெரியவருவதில் பெரும்பகுதி 1996இல் வெளிவந்த 'பித்தி' என்னும் தன்வரலாற்றிலிருந்து வருவது. அந்த இளமையைக் குலைத்தது பிளேக் நோய். அது 1898இல் மைசூர் சமஸ்தானத்துக்குள் புகுந்தது. அதன்பின் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் ஊரே வீடுகளைப் பூட்டிக்கொண்டு வயல்வெளியில் கொட்டகை போட்டுக் குடியேறிவிடும்.  பைரப்பா சிறுவனாக இருந்தபோது இந்நோய் அவருடைய தாய் கௌரம்மாவையும் உடன்பிறந்தவர்களையும் கொண்டுபோனது. தந்தை இருந்தும் ஆதரவில்லாத பிள்ளையாகவே அவர் வளர்ந்தார்.

படிப்பை அவர் விடவில்லை. நாளுக்கொரு வீடாக முறைவைத்து உண்ணும் வாரச் சாப்பாட்டில் காலம் தள்ளினார். கிடைத்த சில்லறை வேலைகளையெல்லாம் செய்து பள்ளிச் செலவைப் பார்த்துக்கொண்டார். கோரூர் ராமசாமி ஐயங்காரின் எழுத்துகள் அந்த வயதிலேயே அவரை ஈர்த்தன. பின்னர் மைசூர் வந்து சாரதா விலாஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். நடுவில், உறவினர் ஒருவரின் பேச்சைக் கேட்டுப் பள்ளியை உதறிவிட்டு ஓராண்டு போல ஊர் சுற்றினார். பம்பாயில் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கினார். அங்கே சந்தித்த சாதுக் கூட்டமொன்றோடு சில மாதம் அலைந்தார். பிறகு மைசூருக்கே திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்து படித்தார். அந்தத் திரும்பி வருதலை இவரது வாழ்வின் மிகத் துணிவான செயல் என்றே கொள்ள வேண்டும்.

கல்வியும் பணியும். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று முதுகலையில் தங்கப்பதக்கம் பெற்றார். அடுத்தடுத்துக் கண்ட சாவுகள் எழுப்பிய கேள்விகளே தம்மைத் தத்துவத்தின் பக்கம் தள்ளியதாகச் சொல்லிவந்தார். உண்மைக்கும் அழகுக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆய்வுக்காக பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் அளித்தது. ஹூப்ளி, குஜராத், டெல்லி ஆகிய இடங்களில் பணியாற்றியபின் மைசூர் வட்டாரக் கல்வியியல் கல்லூரிக்கு வந்து 1991இல் ஓய்வுபெற்றார்.

நாவல்கள். இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். 1965இல் வந்த 'வம்சவிருக்ஷ' புகழ் தேடித் தந்தது. நஞ்சன்கூட்டில் கபிலை ஆற்றங்கரை வைதிகக் குடும்பத்தின் இளம் விதவை காத்யாயனி, படிப்புக்காக ரயிலேறி மைசூர்க் கல்லூரிக்குப் போய்வருவதில் கதை திரும்புகிறது. கிரிஷ் கர்னாடும் பி. வி. காரந்தும் இதைப் படமாக்கினர். நடிகர் விஷ்ணுவர்தன் திரைக்கு வந்தது அதில்தான்.

'கிருஹபங்க' (1970) தனியாகச் சொல்லத் தக்கது. கர்ணம் வேலை பார்க்கும், நாயகி நஞ்சம்மாவின் கணவன் எதற்கும் உதவாதவன். கிராமக் கணக்குகளை அவளே உட்கார்ந்து எழுதுகிறாள். புரச இலை பறித்துத் தைத்து விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள். வளர்ந்து நின்ற மகளையும் மகனையும் பிளேக் அள்ளிக்கொள்கிறது, பின்னால் அவளையும். மிஞ்சுபவன் இளைய மகன் விஸ்வா. நஞ்சம்மாவில் கௌரம்மாவைக் காண்பது பெரும்பாலோர் வழக்கம். இதை அப்படியே குடும்ப வரலாறாகப் படிக்கக் கூடாது என்போரும் உண்டு. கணக்கு நோட்டில் அவள் கோடு போடுவதைக்கூட விடாமல் எழுதியிருக்கும் பரிவைப் பார்க்கையில் முதல் கருத்தைத் தள்ளிவிட மனம் வருவதில்லை. கிரிஷ் காசரவள்ளி இதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்.

சாதியைப் பற்றிய 'தாட்டு' (1973) 1975இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. மகாபாரதத்தைத் தெய்வ அற்புதங்கள் நீக்கி மனிதர்களின் கதையாகச் சொன்னது 'பர்வ' (1979). இசைக் கலைஞரின் வாழ்வைச் சொல்லும் 'மந்திர' 2010ஆம் ஆண்டுக்கான சரஸ்வதி சம்மான் பெற்றது. 'ஆவரண' (2007) வரலாற்றைக் கையாண்ட விதத்துக்காக எழுத்தாளர் யு. ஆர். அனந்தமூர்த்தி உள்ளிட்டோரின் கடும் கண்டனத்துக்கு ஆளாயிற்று. அதே வேளையில் பல பதிப்புகளும் கண்டது. கன்னட இலக்கிய உலகில் அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

அறப்பணி. தாயின் பெயரால் அமைந்த கௌரம்மா அறக்கட்டளை சந்தேசிவரத்தில் நூலகப் பணியில் ஈடுபட்டது. எழுத்தால் வந்த வருவாயை ஏழை மாணவர் படிப்புக்கு ஒதுக்கினார். முதிய வயதிலும் சொந்த ஊர் ஏரிகளுக்கு நீர் கொண்டுவர வேண்டும் என்று அரசிடம் வலியுறுத்தி, அதற்கான திட்டம் நிறைவேறக் காரணமானார்.

பிற்காலம். 2016இல் பத்மஸ்ரீயும் 2023இல் பத்மபூஷணும் பெற்றார். 2019இல் மைசூர்த் தசராவைத் தொடங்கிவைத்தார். 2025 செப்டம்பர் 24 அன்று பெங்களூரில் காலமானார். மைசூரில் அரசு மரியாதையுடன் தகனம் நடந்தது.

தமிழில். 'கிருஹபங்க', 'ஒரு குடும்பம் சிதைகிறது' என்னும் பெயரில் எச். வி. சுப்ரமணியம் மொழிபெயர்ப்பில் வந்து பரவலாகப் படிக்கப்பட்டது. 'பர்வ' நாவலைப் பாவண்ணன் 'பருவம்' எனப் பெயர்த்து சாகித்திய அகாதமியின் மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றார்.