மகனைவிட இளைய தாய்

1991ஆம் ஆண்டு தீபாவளிக்குத் 'தளபதி' வெளிவந்தபோது ஸ்ரீவித்யாவுக்கு வயது 38. அந்தப் படத்தில் அவர் பெற்ற பிள்ளையாக வந்த ரஜினிகாந்துக்கு 40 முடிந்து 41 நடந்துகொண்டிருந்தது. தாயைவிட மகன் இரண்டரை வயது மூத்தவர். இதே இருவரும் 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் கணவன் மனைவியாக வந்தவர்கள். ரஜினிக்கு அதுதான் முதல் படம். பதினாறு ஆண்டுகளில் மனைவி தாயாகிவிட்டார். கணவர் மட்டும் அதே இளமையோடு கதாநாயகனாக நின்றார்.

டிக்கோயாவிலிருந்து ஹட்டனுக்கு பஸ் ஏறிப்போய்ப் படம் பார்த்துவிட்டு வந்த நம்மவர்கள் இந்தக் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தாயும் பிள்ளையும் சேரும் இடத்தில் அழுதார்கள், பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வீடு வந்தார்கள். குடும்பக் கதைகளில் அப்பா, அம்மா வேடங்களை யாருக்குக் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் ஒரு நுனி நம்முடைய தோட்டங்களிலேயே கிடக்கிறது.

மலையகத்தில் வேரூன்றிய கூத்துகள் மூன்று: காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. மாசி மாதத்தில் காமன் ஊன்றிவிட்டால் லயத்துக்கு லயம் தப்புச் சத்தம் கேட்கும். மன்மதனுக்கு மனைவியாக ஆடும் ரதி ஓர் ஆண். பொன்னர் சங்கரில் அந்த அண்ணன் தம்பியைப் பெற்ற தாமரையும் ஆண்தான். பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையில் இரவு வளையல் ஏறும். பிள்ளை வரம் கேட்டுத் தாமரை தவமிருக்கும் கட்டம் வந்தால் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். சேலை கட்டியிருப்பவர் பக்கத்து லயத்துக்காரர் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அழுதார்கள்.

கூத்து வாத்தியார் ஆள் தேடும்போது வயதைப் பார்ப்பதில்லை. குரல் தாங்குமா, பாட்டு மனதில் நிற்குமா, விடியும்வரை கால் ஓயாதா என்பவைதான் அவருக்கு முக்கியம். தாய் வேடம் கட்டியவருக்கு மகனாக வருபவர் அவரைவிட மூத்தவராக இருந்தால் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தாமரையாக நிற்க ஆணுக்கு இடம் இருந்தது, பெண்ணுக்கு இடம் இருக்கவில்லை. கதையில் வரும் தாய்க்காகக் கண்ணீர் விட்ட அந்தப் பெண்களில் ஒருவருக்குக்கூட அந்தத் தாயாக நிற்க வாய்ப்புக் கிடைத்ததில்லை.

தமிழ்நாட்டில் இதே வழக்கம் பாய்ஸ் கம்பெனிகள் வழியாக வளர்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலும், அதன் பின்னால் வந்த கம்பெனிகளிலும் நடித்தவர்கள் சிறுவர்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்தான் அரசன், அவனுடைய தாய், கிழ மந்திரி எல்லாம். எம்.ஜி.ஆர். அப்படி ஒரு கம்பெனியில் வளர்ந்தவர். சிவாஜி கணேசன் சிறுவனாக மேடையேறிய தொடக்க நாட்களில் போட்டது சீதை வேடம். டி.கே. சண்முகம் முப்பது வயதளவில் ஔவைப் பாட்டியாக நடித்து, ஔவை என்ற பெயரையே தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டார். சென்னையின் லாயிட்ஸ் சாலை இன்று ஔவை சண்முகம் சாலை. ஆக, தமிழ் சினிமா பேசத் தொடங்கியபோது அதற்கு வந்து சேர்ந்த நடிகர்களும் ரசிகர்களும் வயதைப் பொருட்படுத்தாத ஒரு பழக்கத்தோடு வந்தார்கள்.

அந்தப் பழக்கம் சில ஆண்களுக்கு நல்ல வாழ்வு கொடுத்தது. வி.கே. ராமசாமி 1947இல் ஏவி.எம். எடுத்த 'நாம் இருவர்' படத்தில் கிழவர் வேடம் போட்டார். அப்போது அவருக்கு 21 வயது. அதற்குப் பிறகு அப்பா, மாமனார், சித்தப்பா என்று அரை நூற்றாண்டு அதே வயதில் வாழ்ந்தார். எஸ்.வி. ரங்காராவ் 1965இல் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் சரோஜாதேவியின் அப்பாவாக வந்தார். அவர் பிறந்தது 1918இல், அவருக்கு மருமகனாகப்போகும் எம்.ஜி.ஆர். பிறந்தது 1917இல். மாமனாரைவிட மருமகன் மூத்தவர். இருந்தும் ரங்காராவின் நடையையும் அந்தக் கனத்த குரலையும் பார்த்த எவருக்கும் அவர் பெரியவராகவே பட்டார். இது நடிப்பின் வெற்றி. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பெண்களின் கதை வேறு.

நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரை நம்மில் பலர் இன்றும் சொந்த ஊர்க்காரராகவே எண்ணுகிறோம். ஹட்டனிலிருந்து ரயிலில் கீழே இறங்கினால் வரும் ஊர்தானே. அவருக்கு அம்மாவாக வந்தவர்களைப் பாருங்கள். 'தாய்க்குப் பின் தாரம்' 1956இல் வந்தது. அதில் அம்மா பி. கண்ணாம்பா. கண்ணாம்பா 1911இல் பிறந்தவர், மகனைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். அதற்கும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 'அசோக்குமார்' படத்தில் இளவரசன் குணாளனாக வந்த தியாகராஜ பாகவதருக்குக் கண்ணாம்பா சிற்றன்னை. பாகவதர் அவரைவிட ஒரு வயது மூத்தவர். அதே படத்தில் ஒரு சிறு வேடத்தில் எம்.ஜி.ஆரும் இருந்தார்.

பண்டரிபாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் நின்று பேசவேண்டும். 1952இல் 'பராசக்தி' வந்தபோது சிவாஜிக்கு ஜோடி அவர்தான். அது சிவாஜியின் முதல் படம். 1965இல் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆருக்கு அக்கா. மூன்றே ஆண்டுகளில், 1968இல் 'குடியிருந்த கோயில்' படத்தில் அதே எம்.ஜி.ஆருக்கு அம்மா. உண்மையில் அவர் எம்.ஜி.ஆரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். அடுத்த ஆண்டு 'தெய்வமகன்' வந்தது. அதில் சிவாஜிக்கு மூன்று வேடங்கள்: ஒரு தந்தை, இரண்டு மகன்கள். பண்டரிபாய் அந்தத் தந்தைக்கு மனைவி, அந்த மகன்களுக்குத் தாய். 'பராசக்தி'யின் காதலி பதினேழு ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் இது. பிறகு 1992இல் 'மன்னன்' படத்தில் ரஜினிக்கும் அம்மா. நாற்பது ஆண்டு உழைப்பில் கதாநாயகியாக அவருக்குக் கிடைத்த காலம் மிகச் சிறியது. மீதியெல்லாம் நெற்றியில் பெரிய பொட்டு அல்லது வெறும் நெற்றி, தலையில் நரை, கண்ணில் நீர். அவருடைய அந்தக் கனிவான முகத்தை நேசிக்காத தமிழர் இல்லை. அந்த நேசமே அவரை வேறு வேடத்துக்கு விடவில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது.

எழுபதுகளில் கே. பாலசந்தர் வயதையே கதையாக்கினார். 'அபூர்வ ராகங்க'ளில் 22 வயது ஸ்ரீவித்யா, வளர்ந்த பெண்ணுக்குத் தாய். மகளாக வந்த ஜெயசுதாவுக்கும் அவருக்கும் ஐந்து வயதுதான் வித்தியாசம். அடுத்த ஆண்டு, 1976இல், 'மூன்று முடிச்சு'. கதைப்படி ஸ்ரீதேவி ரஜினிக்குச் சிற்றன்னை ஆகிறார். ஸ்ரீதேவி பிறந்தது 1963 ஆகஸ்டில். படம் வந்தபோது அவருக்கு வயது 13, ரஜினிக்கு 25. அந்தச் சிறுமியின் திறமை வியக்கத்தக்கது. ஆனாலும் 13 வயதுப் பிள்ளையை மணப்பெண்ணாகவும் தாயாகவும் நிறுத்தியதை இன்று நினைத்தால் மனம் ஒப்பவில்லை.

1981இல் 'நெற்றிக்கண்'. அப்பாவும் மகனும் ரஜினி. அந்த மகனுக்கு அம்மாவாக வந்த லட்சுமிக்கு 28 வயது, மகனுக்கு 30. லட்சுமியே 1999இல் 'படையப்பா'வில் மறுபடி ரஜினிக்கு அம்மா. 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்'. கமலைவிட ஒரு வயதுதான் மூத்தவரான ஸ்ரீவித்யா, அப்பா கமலுக்கு மனைவியாகவும் இரட்டைப் பிள்ளைக் கமல்களுக்குத் தாயாகவும் வந்தார். நம் நாட்டிலிருந்து போன சுஜாதாவும் இந்த வரிசையில் நிற்கிறார். காலியில் 1952இல் பிறந்து, சிறுவயதை இங்கேயே கழித்தவர் அவர். 1974இல் 'அவள் ஒரு தொடர்கதை'யில் ஒரு குடும்பத்தையே தோளில் சுமக்கும் பெண்ணாகத் தமிழுக்கு அறிமுகமானார். 1977இல் 'அவர்கள்' படத்தில் ரஜினிக்கு மனைவி. 2002இல் 'பாபா'வில் ரஜினிக்குத் தாய். மகன் அவரைவிட இரண்டு வயது மூத்தவர்.

இந்தி உலகத்திலும் இதுவே நடந்தது. 'மதர் இந்தியா' 1957இல் வந்தபோது நர்கிசுக்கு மகனாக நடித்தவர் சுனில் தத். இருவரும் 1929 ஜூன் மாதத்தில் ஐந்து நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். அடுத்த மார்ச்சில் திருமணம் செய்துகொண்டார்கள்.

தொலைக்காட்சி வந்ததும் இந்த வழக்கம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அதன் இஸ்தோப்பு நிறைய ஆட்கள். 1998இல் சக்தி தொலைக்காட்சி வந்தது. அதன் பின் லயக் கூரைகளில் டிஷ் முளைத்தது. தாயும் தகப்பனும் பிள்ளைகளும் தினமும் ஒரே வரவேற்பறையில் பேசிச் சண்டை போடும் குடும்பத் தொடர்கள் நம் மாலைப் பொழுதை எடுத்துக்கொண்டன.

வெளிநாடுகளின் குடும்ப நகைச்சுவைத் தொடர்களில் இந்த வயதுக் குழப்பம் ஒரு தொழில்நுட்பமாகவே ஆகியிருந்தது. பிபிசி 1962இல் தொடங்கிய 'ஸ்டெப்டோ அண்ட் சன்' பழைய சாமான் வாங்கி விற்கும் அப்பா, மகன் கதை. அப்பாவாக நடித்த வில்ஃப்ரிட் பிராம்பெல்லுக்கு அப்போது ஐம்பது வயதுதான். மகனாக வந்த ஹாரி கார்பெட்டைவிடப் பதின்மூன்று வயதுகூட மூத்தவர் அல்ல. அதை அமெரிக்காவில் 1972இல் திரும்ப எடுத்தபோது ரெட் ஃபாக்ஸ் 49 வயதில் 65 வயதுக் கிழவரானார். 1985இல் தொடங்கிய 'த கோல்டன் கேர்ள்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போனது. மகளாக வந்த பீ ஆர்தர் 1922இல் பிறந்தவர். அவருடைய எண்பது வயதுத் தாயாக வந்த எஸ்டெல் கெட்டி 1923இல் பிறந்தவர். இந்தியில் 2008 முதல் ஓடும் 'தாரக் மேத்தா கா ஊல்டா சஷ்மா' தொடரில் ஜேட்டாலாலாக நடிக்கும் திலீப் ஜோஷியைவிட, அவருடைய அப்பாவாக நடிக்கும் அமித் பட் இளையவர்.

இதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. ஒரு நகைச்சுவைத் தொடர் பல ஆண்டுகள் ஓடக்கூடும். ஒரு நாளில் பல காட்சிகள் எடுப்பார்கள். அப்பா வேடக்காரர் ஓடவேண்டும், விழவேண்டும், பக்கம் பக்கமாக வசனம் பேசவேண்டும். நரையும் சுருக்கமும் ஒப்பனையில் வரும், உடல் வலு ஒப்பனையில் வராது. நம் கூத்து வாத்தியார் ஆள் எடுத்த முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் கெட்டியின் கதையையும் பண்டரிபாயின் கதையையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. 'த கோல்டன் கேர்ள்ஸ்' நான்கு வயதான பெண்களையே நாயகிகளாக நிறுத்திய தொடர். அறுபதைத் தாண்டியபின் கெட்டிக்குப் புகழும், 1988இல் எம்மி விருதும் கிடைத்தது அதனால்தான். 2004இல் வந்த 'சாராபாய் வர்சஸ் சாராபாய்' தொடரில் ரத்னா பாடக் ஷாவுக்கும் மகனாக வந்த சுமீத் ராகவனுக்கும் பதினான்கு வயதுதான் வித்தியாசம். இருந்தாலும் அந்த அம்மா பவுடர் நரையோடு மூலையில் உட்காரவில்லை. நல்ல சேலை கட்டி, கூர்மையாகப் பேசி, வீட்டை ஆண்டார். நம் படங்களின் தாய்க்கு இந்த உரிமை அரிதாகவே கிடைத்தது.

ஸ்ரீவித்யா 38 வயதில் ரஜினிக்குத் தாயான அதே காலத்தில் டிக்கோயாத் தோட்டத்தில் ஒரு 38 வயதுப் பெண் என்ன செய்துகொண்டிருந்தாள்? விடியும் முன் எழுந்து அடுப்பு மூட்டி, பிரட்டுக்குப் போய், பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு, கூடையோடு மலை ஏறினாள். அவளுக்கு இருபது வயதில் மூத்த மகன் இருந்திருக்கலாம். அதனால் அவள் கிழவி அல்ல. தூணைப் பிடித்துக்கொண்டு இருமியபடி மகன் வருகைக்குக் காத்திருந்தவளும் அல்ல. வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தவள் அவள். அவளை அவளுடைய வயதிலேயே, அவளுடைய வலுவோடு காட்டியிருக்க வேண்டியது நம்முடைய சினிமா. வி.பி. கணேசன் 1975இல் தயாரித்து நடித்த 'புதிய காற்று' தோட்ட வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. மேலும் சில படங்களையும் அவர் எடுத்தார். அந்த முயற்சி நீண்டு வளரவில்லை என்பது மலையகத்துக்குப் பெரிய இழப்பு.

நடிப்பில் வயது தடையாக இருக்கக்கூடாது. அது ஆணுக்குத் திறமையாகவும் பெண்ணுக்குத் தண்டனையாகவும் மாறியது அநீதி. பண்டரிபாய், ஸ்ரீவித்யா, சுஜாதா மூவரும் இன்று இல்லை. அவர்கள் நாயகியாக நின்ற படங்கள் இருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களில் தாமரையாகவும் ரதியாகவும் வேடம் கட்டியவர்களின் புகைப்படங்கள் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இருக்கக்கூடும். படத்தின் பின்பக்கம் ஆளின் பெயர், தோட்டம், டிவிசன், கூத்து வாத்தியாரின் பெயர், ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிரதியொன்றை எங்களுக்கு அனுப்பினால் இந்தத் தொடரில் வெளியிடுவோம்.