உறைந்த ஏரியில் தூண்டில் போடுதல்: சிம்கோ ஏரிக்குப் புதிதாகப் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

கனடாவில் இருக்கும் பிள்ளைகள் வெண்பனி வெளியில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து தூண்டில் போடும் படங்களை ஊருக்கு அனுப்புகிறார்கள். பார்க்கிற தாய் தகப்பனுக்கு முதலில் வருகிற கேள்வி, “உது உடையாதோ?” என்பதுதான். நல்ல கேள்வி. அதற்கான பதிலையும், புதிதாகப் போக நினைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். நான் வடமராட்சிக் கரையோரத்தில் பிறந்தவன். இப்போது ஸ்காபுறோவில் வசிக்கிறேன். குளிர்காலங்களில் சிம்கோ ஏரிக்குப் போய் வருகிறேன்.

எங்கள் ஆட்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு மட்டுமல்ல. போர்க்காலத்தில் கடற்றொழில் தடைகளாலும் பாஸ் நடைமுறையாலும் கடலை இழந்தவர்கள், பிறகு ஊரையே இழந்து இங்கே வந்தவர்கள் பலர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை நாலு சுவருக்குள் அடைபட்டிருக்கும் முதியவர்களுக்குத் தூண்டில் நூல் கையில் கிடைத்தால் முகம் மாறுகிறது. ஆனால் கடலை அறிந்தவர்களுக்கும் ஐஸ் புதிது. கடலில் கற்ற துணிச்சல் இங்கே உதவாது.

ஏரி ஏன் மேலே மட்டும் உறைகிறது?

நன்னீர் 4 பாகை செல்சியசில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும். அந்தத் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று உறையும். ஐஸ் நீரைவிடப் பாரம் குறைந்தது, ஆகவே மிதக்கும். அதனால் ஐஸுக்குக் கீழே ஏரி உயிரோடு இருக்கிறது. மீன்கள் சாவதில்லை. உடல் குளிர்ந்து ஓட்டம் குறைந்து, குறைவாகத் தின்னும். குளிர்காலத் தூண்டிலும் இரையும் சிறிதாக இருப்பதும் அசைவு மெதுவாக இருப்பதும் இதனால்தான்.

சிம்கோ ஏரி

றொரன்ரோவிலிருந்து வடக்கே வாகனத்தில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். 700 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பு. தெற்கேயுள்ள குக்ஸ் குடா ஆழம் குறைந்தது, ஏரியின் மற்றப் பகுதிகளுக்கு முன்னரே உறைவது. பாரி நகரை ஒட்டிய கெம்பன்ஃபெல்ற் குடாதான் ஏரியின் ஆழமான பகுதி, ஏறக்குறைய 40 மீற்றர். அங்கே ஐஸ் பிந்தித்தான் பிடிக்கும்.

புதியவர்கள் நாடுவது மஞ்சள் பேர்ச் மீனை. கையளவு மீன், கூட்டமாகத் திரியும், பகலில் இரை எடுக்கும். பைக் பெரியது, பல்லுள்ளது. லேக் ட்ரவுட், வைற்ஃபிஷ் இரண்டும் ஆழத்தில் நிற்பவை.

இந்த ஏரியில் மீன்பிடிப்பு மிகப் பழையது. ஒரிலியாவுக்கு அருகே சிம்கோ, கூச்சிச்சிங் ஏரிகள் சந்திக்கும் ஒடுக்கத்தில் முதற்குடி மக்கள் மரத்தடிகளை ஊன்றி அமைத்த மீன் வேலிகளின் எச்சங்கள் இன்னும் நீருக்குள் உள்ளன. வயது 4,500 ஆண்டுகளுக்கு மேல். எங்கள் களப்பில் தடி ஊன்றிச் சிறகுவலை கட்டுகிறவர்களுக்கு அந்த வேலை பார்த்தவுடன் விளங்கும். ஏரியிலுள்ள ஜோர்ஜினா தீவில் சிப்பவா மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். குளிர்காலத்தில் ஐஸ்தான் அவர்களுக்குக் கரைக்கு வரும் பாதை. அந்த இடத்துக்கு நாங்கள் விருந்தாளிகள் என்பது நினைவிலிருக்கட்டும்.

எவ்வளவு தடிப்பு போதும்?

தெளிந்த, நீலமோ கறுப்போ தெரியும் ஐஸ் என்றால், ஒருவர் நடக்கக் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தேவை. பாதுகாப்பு அமைப்புகள் சில 15 சென்ரிமீற்றர் என்கின்றன. நான் பின்பற்றுவது இரண்டாவதை. பலர் ஓரிடத்தில் கூடுவதற்கு 20, ஸ்னோமொபீலுக்கு 25 இருந்தால் நல்லது. பாற்கலர் வெள்ளை ஐஸ், சினோவும் நீரும் கலந்து உறைந்தது. அதன் பலம் ஏறத்தாழப் பாதி. ஆகவே இரண்டு மடங்கு தடிப்பு வேண்டும். சாம்பல் நிறம் என்றால் உள்ளே நீர் இருக்கிறது. ஏறவே வேண்டாம்.

ஒரே ஏரியில் தடிப்பு இடத்துக்கு இடம் மாறும். ஆறு விழும் வாய், ஒடுக்கமான நீரோட்டம், பாலத்தடி, துறைமுகக் கட்டைகளைச் சுற்றிய இடம் எல்லாம் மெல்லியவை. மேலே சினோ மூடினால் அது போர்வை போல வேலை செய்து ஐஸ் தடிக்காமல் தடுக்கும். ஆகவே அலவாங்கு போன்ற கூர் இரும்புத் தடியால் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு குத்தில் நீர் வந்தால், வந்த அடியிலேயே திரும்புங்கள்.

காற்றும் ஆபத்து. 2009 பெப்ரவரியில் ஈரி ஏரியில், அமெரிக்காவின் ஒஹாயோ கரையோரம், ஐஸ் தட்டு கரையிலிருந்து பிரிந்து 100க்கும் மேற்பட்ட தூண்டில்காரரோடு மிதந்து போனது. மற்றவர்கள் மீட்கப்பட்டனர். ஒருவர் உயிரிழந்தார். கரையிலிருந்து ஏரிப்பக்கம் பலமாகக் காற்று வீசும் நாளில் வெடிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

இன்னொன்றை எங்கள் ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐஸ் சத்தம் போடும். குளிரில் சுருங்கியும் வெயிலில் விரிந்தும் வெடிக்கும்போது துவக்குச் சூடு போலவும், தூரத்தில் செல் விழுந்தது போலவும் கேட்கும். காலடியில் அதிரும். தடித்த ஐஸில் இது வழமையானது. ஆனால் வன்னியில் பங்கருக்குள் இருந்தவருக்கு உடம்பு முதலில் கேட்பது வேறு சத்தம். கூட்டிப் போகிறவர்கள் அம்மா அப்பாவுக்கு இதை வீட்டிலேயே சொல்லி வையுங்கள். ஒத்துவராவிட்டால் வற்புறுத்தாமல் திரும்பி வாருங்கள்.

விழுந்துவிட்டால்

மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் பரப்பிய 1–10–1 என்ற கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கும், பதறாமல் மூச்சைக் கட்டுப்படுத்த வேண்டும். அடுத்த 10 நிமிடம் கைகால் வேலை செய்யும், வெளியே வர முயலும் நேரம் அதுதான். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணித்தியாலம் ஆகும். குளிர்நீரில் விழுந்தால் உடனே செத்துவிடுவோம் என்று கைவிடக்கூடாது.

வந்த பக்கமே திரும்புங்கள். அதுவரை உங்களைத் தாங்கிய ஐஸ் அது. நீந்துவதுபோலக் காலை அடித்து உடலைக் கிடையாக்குங்கள். கழுத்தில் தொங்கும் ஐஸ் ஊசிகளைக் குத்தி இழுத்து ஏறுங்கள். ஏறியதும் எழும்ப வேண்டாம், உருண்டே விலகுங்கள். இன்னொருவர் விழுந்தால் கிட்ட ஓடாதீர்கள். கயிறோ தடியோ எறிந்துவிட்டு 911 ஐ அழையுங்கள். தனியே போகாதீர்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

என்ன தேவை?

மிதக்கும் அங்கி அல்லது உயிர்காப்பு அங்கி, ஐஸ் ஊசிகள், கயிறு, விசில், சப்பாத்தில் மாட்டும் இரும்புப் பல் ஆகியவை முதலில். உடுப்பு அடுக்கடுக்காக இருக்கட்டும். உடலோடு ஒட்டிய உடுப்பு பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிரப்பண்ணும். கம்பளி நல்லது.

பிறகு கையால் சுற்றும் 6 அங்குலத் துளைக் கருவி, துளையில் மிதக்கும் ஐஸ் துண்டை அள்ள ஓட்டைக் கரண்டி, இரண்டு அடியளவு குட்டைத் தடி, 4 அல்லது 6 இறாத்தல் தங்கூசி, சிறிய ஈயத் தூண்டில்கள், கவிழ்த்து இருக்க ஒரு வாளி.

முதல் தடவை எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. கரையோர ஊர்களில் வாடகைக்கு ஐஸ் வாடிகள் உண்டு. காசு கொடுத்தால் ஏரிக்குள் கொண்டுபோய், துளை போட்ட, சூடாக்கிய வாடியில் இருத்துவார்கள். ஐஸை நாள்தோறும் பார்க்கிறவர்கள் அவர்கள். புதியவருக்கு இதுவே பாதுகாப்பான தொடக்கம். அடைத்த வாடிக்குள் அடுப்பு எரிந்தால் மேலும் கீழும் காற்று வரட்டும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எச்சரிக்கைக் கருவி ஒன்று கூடவே இருக்கட்டும்.

தூண்டில் போடும் முறை

ஈயம் அடியில் தட்டும்வரை நூலை விடுங்கள். பிறகு அரை அடி, ஒரு அடி தூக்கி நிறுத்துங்கள். பேர்ச் அடியோடுதான் திரியும். ஒரு சாண் உயர்த்தி மெதுவாக இறக்கி, அசையாமல் பிடியுங்கள். மீன் பெரும்பாலும் கவ்வுவது அந்த அசையாத நேரத்தில்தான். தடி நுனி இலேசாக வளையும், அவ்வளவுதான். மணிக்கட்டால் சற்றே சுண்டினால் போதும். இருபது நிமிடம் ஒன்றும் இல்லையென்றால் வேறு துளைக்கு மாறுங்கள்.

சட்டம்

ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரையானோருக்கு மீன்பிடி அனுமதிப்பத்திரம் தேவை. கனடாவில் வசிக்கும் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு அடையாள அட்டை போதும். பெப்ரவரி குடும்ப நாள் வார இறுதியில் கனடாவாசிகள் அனுமதிப்பத்திரம் இல்லாமலும் பிடிக்கலாம். அளவு, பருவம் பற்றிய விதிகள் அன்றும் பொருந்தும். சிம்கோவில் முழு அனுமதிக்கு 50 பேர்ச், குறைந்த கட்டண அனுமதிக்கு 25. ட்ரவுட், வைற்ஃபிஷுக்குத் தனிப் பருவமும் குறைந்த எண்ணிக்கையும் உண்டு. எத்தனை தூண்டில் போடலாம் என்பதையும் சேர்த்து, அந்தந்த ஆண்டின் விதிச் சுருக்கத்தைப் போகமுன் பாருங்கள். தூண்டிலிலிருந்து 60 மீற்றருக்கு அப்பால் போகக்கூடாது, அது கண்ணில் பட வேண்டும். மிஞ்சிய இரைமீனை ஏரியில் கொட்டுவது குற்றம்.

பிடித்த மீனைப் பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் நல்ல ருசி. ஆனால் பெரிய மீன்களில் பாதரசம் சேரும். பிள்ளைத்தாய்ச்சிகளும் சிறுவர்களும் எந்த மீனை எவ்வளவு உண்ணலாம் என்று மாகாண அரசு ஏரிவாரியாக அட்டவணை வெளியிடுகிறது.

குளிர்காலங்கள் மாறிவருகின்றன. 2023–24 குளிர்காலத்தில் சூட்டினால் ஏரி சரியாக உறையவில்லை. போன வருடம் இதே நாளில் நின்ற இடம் என்பது இந்த வருடத்துக்குச் சாட்சியாகாது. ஊரில் கடல் கலங்கிய நாளில் மூத்தவர்கள் வள்ளத்தைக் கரையில் விட்டார்கள். அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொன்னதில்லை. ஐஸிலும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் கரையில் நின்று தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மீன் அடுத்த கிழமையும் அங்கேதான் நிற்கும்.