தன் ஊரை அறிந்த ஆயர்: ஸ்காட்லாந்துச் சிற்றூரும் எட்டயபுரத்துக் கரிசலும்

ஓர் ஊருக்கு ஆயராக அனுப்பப்படுகிறவர் முதலாவது அறிய வேண்டியது எது? சபையின் பதிவேடுகளையா, சேகரத்தின் வரவுசெலவையா, மூப்பர்களின் பெயர்களையா? இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் அவ்வூர் எதை உண்கிறது, எங்கே தண்ணீர் எடுக்கிறது, யாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை அறியாத ஆயர் அங்கே பல ஆண்டுகள் இருந்தும் அந்நியராகவே இருக்கக்கூடும். இக்கேள்விக்குச் சபை வரலாற்றிலிருந்து கிடைக்கும் வெளிச்சத்தை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. ஸ்காட்லாந்துக் குருமார் எழுதிய ஊர்க்கணக்கு

ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள கேத்னஸ் பகுதியைச் சேர்ந்த நிலக்கிழார் சர் ஜான் சிங்ளேர் 1790-இல் ஒரு பெருமுயற்சியைத் தொடங்கினார். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஒவ்வொரு சேகரக் குருவானவருக்கும் நூற்றறுபதுக்கு மேற்பட்ட வினாக்களை அனுப்பினார். நிலம் எத்தகையது? விளைவது என்ன? மக்கள் எத்தனை பேர்? கூலி எவ்வளவு? ஏழைகளை யார் தாங்குகிறார்கள்? பள்ளி உண்டா? இவை போன்றவையே அவ்வினாக்கள். 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக விடைகள் அச்சேறின. 938 சேகரங்களின் வாழ்வும் சூழலும் அவற்றில் அடங்கியிருந்தன.

ஓட்ஸ் தானியக் கஞ்சியை உண்டு, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த கரிமண்ணை அடுப்பெரித்து, புல்வேய்ந்த குடிசைகளில் வாழ்ந்த எளிய மக்களைப்பற்றி நாம் இன்று அறிகிறோமென்றால், அதற்குக் காரணம் அவர்களுடைய குருமார் எழுதி வைத்த விடைகளே. தம் மக்களின் அன்றாட வாழ்வும் எழுதத்தக்கது என்று அக்குருமார் கருதினர். இது சிறிய காரியமன்று.

எனினும் இவ்வேடுகளில் ஒரு குறையும் உண்டு. சேகரக் குருவின் சம்பளத்தையும், அவர் குடியிருந்த வீட்டின் பராமரிப்பையும் அவ்வூர் நிலக்கிழார்களே ஏற்றிருந்தனர். 1712-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குருவை நியமிக்கும் உரிமையும் பெரும்பாலும் செல்வாக்குள்ள புரவலர்களின் கையில் இருந்தது. ஆகவே நிலக்கிழாரைப் பற்றி எழுதும் இடங்களில் பல குருமாரின் பேனா மென்மையாகிவிடுகிறது. மலைநாட்டுக் குடியானவர்களை வெளியேற்றிவிட்டு ஆட்டு மந்தைகளுக்காக நிலத்தை விட்ட கொடிய காலத்தில், குருமார் பலர் வாய் திறவாதிருந்தனர். சிலர் வெளியேற்றியவர்களின் பக்கமே நின்றனர். 1843-இல் 450-க்கு மேற்பட்ட குருமார் வீட்டையும் சம்பளத்தையும் துறந்து சுயாதீனத் திருச்சபையாகப் பிரிந்து சென்றதற்கு இந்நியமன உரிமையே முக்கிய காரணம். எழுதுகிறவர் யாருடைய அப்பத்தை உண்கிறார் என்பது அவருடைய எழுத்தில் தெரியாமற் போகாது.

2. கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒருவர்

ஸ்காட்லாந்தின் இந்த மரபு நமக்கு முற்றிலும் தொலைவானதன்று. ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு அயர்லாந்தில் 1814-இல் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் இராபர்ட் கால்டுவெல். 1838-இல் சென்னை வந்து, 1841-இன் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இலும், திருநெல்வேலிச் சீமையின் அரசியல் பொது வரலாற்றை 1881-இலும் வெளியிட்ட அவர், ஊரைக் கூர்ந்து நோக்கி எழுதுவதில் வல்லவர்.

ஆயினும் நாடார் மக்களைப் பற்றி அவர் 1849-இல் வெளியிட்ட சிறுநூல் அம்மக்களின் மனத்தை ஆழமாகப் புண்படுத்தியது. தாம் நேசித்து உழைத்த மக்களையே அவர் மேலிருந்து கீழே பார்த்து எழுதியிருந்தார். எதிர்ப்பு எழுந்தது. பிற்காலத்தில் அந்நூலை அவரே திரும்பப்பெற நேர்ந்தது. ஸ்காட்லாந்துக் குருமார் நிலக்கிழாரை அண்ணாந்து பார்த்து எழுதினர். கால்டுவெல் குடிமக்களைக் குனிந்து பார்த்து எழுதினார். இரண்டிலும் மக்களோடு ஒரே மட்டத்தில் அமர்ந்து காணும் பார்வை குறைவுபட்டிருந்தது.

3. கரிசல் சிற்றூர்

இப்பொழுது நம் கண்களை எட்டயபுரத்தின் பக்கம் திருப்புவோம். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூரைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் பூமி. கோடையில் கால் நுழையுமளவு வெடிக்கும். மழையில் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கே ஆற்றுப் பாசனம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையே ஆண்டின் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. புரட்டாசியிலும் ஐப்பசியிலும் விதைத்து, தையில் கம்பும் பயறு வகைகளும் அறுத்து, மாசி பங்குனி தொட்டுச் சித்திரை வரை பருத்தி எடுப்பது நெடுங்கால வழக்கம். கம்பங்கஞ்சியும் சோளச்சோறும் குதிரைவாலிச் சோறுமே முன்னோரின் உணவு. தானியம் வீட்டுக் குலுக்கையில் இருந்தது. நெல்லுச்சோறு பண்டிகைக்கு மட்டுமே. நிலத்தடி நீர் பல ஊர்களில் உவர்ப்பாகையால், நல்ல தண்ணீர்க் கிணறு எந்தத் தெருவில் இருக்கிறது, யார் அதில் இறங்கலாம் என்பது ஊரின் சமூக ஒழுங்கையே வெளிப்படுத்தியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கம்மவார், ரெட்டியார், இராஜகம்பளத்தார், அருந்ததியர் எனப் பல சமூகத்தாரின் வீட்டுமொழி தெலுங்கு. கடையிலும் பள்ளியிலும் தமிழ் பேசுவோர், தாலாட்டையும் ஒப்பாரியையும் வேறொரு மொழியில் கேட்டு வளர்ந்தவராக இருக்கலாம். தமிழில் மட்டுமே பிரசங்கித்த நாம் இதை எவ்வளவு எண்ணிப்பார்த்தோம்?

எட்டயபுரம் பாளையக்காரர் ஆங்கிலேயரின் பக்கம் நின்றவர். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின், பாஞ்சாலங்குறிச்சி நிலங்களில் ஒரு பகுதி எட்டயபுரத்தைச் சேர்ந்தது. 1803-இன் நிரந்தர வரி ஏற்பாட்டால் பாளையம் ஜமீனாயிற்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்முறை ஒழிந்தது. இவ்வரண்மனையின் நிழலில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் வாழ்ந்தார். முத்துசாமி தீட்சிதர் 1835-இல் இவ்வூரிலேயே காலமானார். சுப்பிரமணிய பாரதி 1882-இல் இங்கே பிறந்தார். அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரமாமுனிவர் பணியாற்றினார். நற்செய்தி வறண்ட பாழ்நிலத்திற்கு வந்தது என்று நம் பழைய அறிக்கைகள் எழுதுவதுண்டு. மழையைக் குறித்து அது மெய். மனிதரின் பக்தியையும் புலமையையும் குறித்து அது மெய்யன்று.

4. கூடாரமும் பஞ்சமும்

தென் திருநெல்வேலியில் முதலூர் 1799-இல் தோன்றியது முதல், விசுவாசிகள் தனி ஊர்களாகக் குடியேறும் வழி உண்டாயிற்று. ரேனியஸ் ஐயர் காலத்துத் தர்மசங்கம் நிலம் வாங்கி அதற்குத் துணைசெய்தது. கரிசலில் அது அரிதாயிற்று. மானாவாரி நிலத்தை விட்டுப் பிரிந்து தனியூர் அமைத்துப் பிழைக்க இயலாது. விசுவாசி தன் பழைய தெருவிலேயே, தன் பழைய அயலாரோடும் பழைய எசமானோடும் வாழ வேண்டியிருந்தது.

தாமஸ் ராக்லண்டு 1854-இல் பென், மெடோஸ் என்னும் இருவரோடு வட திருநெல்வேலியில் தொடங்கிய ஊழியம் இச்சூழலுக்கேற்றதாய் அமைந்தது. பங்களா கட்டாமல் கூடாரத்தில் தங்கி, ஊர் ஊராகச் சென்றனர். தென்பகுதிச் சபைகளின் தமிழ் உபதேசியார் முறைவைத்து வந்து உடனுழைத்தனர். 1858 அக்டோபர் 22-இல் ராக்லண்டு சிவகாசியில் மரித்தபோது கண்ட பலன் சொற்பமே. ஆனால் கூடாரத்திற்கும் ஒரு வரையறை உண்டு. விதைப்பையும் பார்த்து, அதே ஊரின் அறுப்பையும் பார்த்து, கடன்காரன் வாசலில் நிற்பதையும் பார்க்க வேண்டுமானால் ஓரிடத்தில் தங்கியிருக்க வேண்டும்.

பின்னர் 1876-இல் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையெங்கும் பல்லாயிரவர் திருச்சபையை நாடினர். சோற்றுக்காக வந்தவர்கள் என்ற பழிச்சொல் அன்றே எழுந்தது, இன்றும் ஒலிக்கிறது. ஊரின் கணக்கை அறிந்தவர் இதை வேறுவிதமாகக் காண்பார். மழை பொய்த்தால் நிலமுடையவனிடம் குலுக்கைத் தானியமாவது இருக்கும். நிலமற்ற கூலியாளுக்கு வேலையே அற்றுப்போகும். பஞ்சம் அவன் வயிற்றை மட்டுமா காயவைத்தது? தன்னைத் தாங்கும் என்று நம்பிய ஊர் ஒழுங்கு தன்னைக் கைவிட்டதையும் அவனுக்குக் காட்டியது. தன்னைப் பெயர்சொல்லி அழைத்த கூட்டத்தை அவன் நாடிவந்ததில் இழிவு யாதொன்றுமில்லை. வந்தவர்களுள் பின்வாங்கினவர்கள் உண்டு. நிலைத்திருந்து தலைமுறைகளாகச் சபையைத் தாங்கினவர்களும் உண்டு.

5. நான் கற்ற பாடம்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குமுன், தண்பொருநைக் கரையில் வளர்ந்த நான் இளங்குருவாகக் கரிசலின் ஒரு சிறு சபைக்கு அனுப்பப்பட்டேன். என் வசதியையும் நாட்காட்டியையும் பார்த்து, ஐப்பசி இறுதியில் அறுப்பின் பண்டிகையை வைத்தேன். மக்கள் மறுக்கவில்லை. காணிக்கைப் பொருள்கள் ஏலமும் நன்றாகவே நடந்தது. அனைவரும் சென்றபின் முதியவர் ஒருவர், “ஐயா, இப்பத்தான் விதைச்சிருக்கோம். அறுப்பு எங்க இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். விதைப்புக்காகக் கடன்பட்டு, குலுக்கை ஒழிந்திருந்த மாதத்தில், ஏலத்திற்கும் சிலர் கடன் வாங்கியிருந்தனர் என்று பின்னரே அறிந்தேன். ஒரு விதவைத் தாய் தன் முட்டைக்கோழியை விற்றிருந்தார். நன்றிப் பண்டிகையைச் சுமையாக்கியவன் நான். மறுஆண்டு சபையாரைக் கேட்டோம். பருத்தி எடுப்புக் காலம் தபசு நாட்களில் விழுவதால், உயிர்த்தெழுதல் திருநாளுக்குப்பின் சித்திரையில் வைத்துக்கொள்ளலாம் என்றனர். அவ்வாண்டு பருத்திப் பொதிகளோடு அவர்கள் ஆலயம் வந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை.

6. எழுதவேண்டிய ஏடு

கரிசலின் ஊர்க்கணக்கை நம்மவரில் எவரும் எழுதுமுன், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் 1923-இல் பிறந்த கி. ராஜநாராயணன் என்னும் விவசாயி எழுதிவிட்டார். 2021-இல் மறைந்த அவர் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும், கோபல்லபுரத்து மக்கள் முதலிய நாவல்களையும் இப்பகுதிக்குச் செல்லும் ஒவ்வொரு இறையியல் மாணவரும் படிப்பது நலம். அவரும் ஊரைக் குனிந்து பார்த்து எழுதவில்லை. அவ்வூர்த் திண்ணையில் அமர்ந்து எழுதினார்.

ஊரும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1920-களில் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் கரிசலெங்கும் பரவி, வறண்ட நாட்களில் கஞ்சி வார்த்தது. பல சிறுமியரின் பள்ளிப்பருவத்தையும் அதுவே விழுங்கியது. பருத்தி விளைந்த நிலங்கள் பலவற்றில் மக்காச்சோளம் வந்தது. 2018-இல் அதற்குப் படைப்புழுவும் வந்தது. நேற்று எழுதிய கணக்கு இன்றைக்குப் போதாது.

ஆகவே சேகரத்திற்குச் செல்லும் இளைஞர் முதலாண்டில் ஓர் ஏட்டைத் திறக்கட்டும். எந்த மாதத்தில் குலுக்கை நிறைகிறது, எந்த மாதத்தில் ஒழிகிறது? தண்ணீர் எப்பொழுது வருகிறது, அந்த நேரத்தில் ஆராதனை வைத்திருக்கிறோமா? நிலம் யாருடையது, கூலி யாருடையது? எந்தத் தெருவுக்கு நாம் இதுவரை போகவில்லை? இறுதியாக, நம்முடைய சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது, அதனால் எதை எழுதத் தயங்குகிறோம்?

கேபார் நதியண்டை சிறையிருப்பினரிடம் சென்ற எசேக்கியேல், தன் தூதை உரைக்குமுன் ஏழு நாட்கள் அவர்கள் நடுவே அமர்ந்திருந்ததைத் திருமறையில் காண்கிறோம். ஆயருடைய ஊழியமும் அங்ஙனமே தொடங்கத்தக்கது. கரிசல் மண்ணில் ஈரம் இறங்குமுன் விதைப்பவர் எவருமில்லை.